தாந்தே எழுதியது செய்யுளில் வந்த இறையியலா?

கேள்வி: இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் 'டிவைன் காமெடி' காவியம், 13ஆம் நூற்றாண்டுக் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸின் இறையியலைச் செய்யுளாக்கியதுதான் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மைகூட இல்லை என்பேன். இறையியலிடம் தாந்தே பட்ட கடன் பெரியதுதான், அதை மறுக்க முடியாது. காவியத்தின் கடைசிப் பகுதியான மோட்ச காண்டத்தில் தாந்தேயே பாத்திரமாக மோட்சத்தில் பயணிக்கிறார்; அதன் 24ஆம் படலத்தில் விசுவாசம் என்றால் என்னவென்று புனித பேதுரு அவரைக் கேட்கிறார். ஆசிரியர் கேள்வியை முன்வைக்கும்வரை வாய் திறக்காமல் வாதங்களைத் திரட்டிக்கொள்ளும் பல்கலைக்கழக மாணவனைப் போலத் தாந்தே நிற்கிறார். அக்காலத்து வாய்மொழித் தேர்வேதான்.

ஆனால் 10ஆம் படலத்துக்கு வாருங்கள். சூரிய மண்டலத்தில் பன்னிரண்டு ஞானிகள் ஒளிவட்டமாகச் சூழ்ந்து நிற்க, அவர்களை அறிமுகம் செய்பவர் அக்குவினாஸ். (1321இல் தாந்தே இறந்து இரண்டு வருடம் கழித்துத்தான் திருச்சபை அக்குவினாஸுக்குப் புனிதர் பட்டமே கொடுத்தது.) கடைசியாகத் தம் பக்கத்தில் இருப்பவரைக் காட்டுகிறார்: பிரபாந்தின் சிகேர், பாரிஸின் வைக்கோல் தெருவில் பாடம் நடத்தியவர். மனிதர் எல்லாருக்கும் பொதுவாக இருப்பது ஒரே ஓர் அறிவுதான் என்று சொன்ன சிகேர் தரப்பை மறுத்து 1270இல் தனி நூலே எழுதியவர் இதே அக்குவினாஸ். 1277இல் பாரிஸ் ஆயர் 219 கூற்றுகளைக் கண்டித்தபோது சிகேர் வட்டாரம்தான் முக்கிய இலக்கு. அப்பேர்ப்பட்டவரை, பிறர் பகையைச் சம்பாதித்துத் தந்த உண்மைகளைத் தர்க்கத்தால் நிறுவியவர் என்று அக்குவினாஸின் வாயாலேயே புகழ வைக்கிறார் தாந்தே!

ஏன் இப்படிச் செய்தார் என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை. எனக்குத் தோன்றுவது இது: எதிரெதிரே நின்று வாதிட்ட இருவரும் ஒரே உண்மையைத் தேடியவர்கள் என்று எந்த வாதமும் நிறுவித் தராது. கவிஞனால் அவர்களை அருகருகே உட்காரவைக்க முடியும்.

கவிதை உருவகத்தைக் கையாள்வது இன்பத்துக்காக, வேதம் கையாள்வது தேவைக்காக என்று தம் பெரிய இறையியல் நூலான 'சும்மா'வின் (Summa Theologiae) முதல் கேள்வியிலேயே பிரித்தவர் அக்குவினாஸ். 13ஆம் படலத்தில் அவரைப் பேசவிட்டுப் பாருங்கள். அவசரப்பட்டு யாரையும் தீர்ப்பிடாதே என்று சொல்ல, குளிர்காலம் முழுக்க முள்ளாக நின்ற செடி பிறகு ரோஜா தாங்கியதையும், கடல் முழுதும் நன்றாக ஓடிவந்த கப்பல் துறைமுக வாயிலில் மூழ்கியதையும் சொல்கிறார். அங்கே உருவகம்தான் வாதம்.

அக்குவினாஸும் கவிதைக்கு அந்நியர் அல்ல. நம் கத்தோலிக்கக் கோயில்களில் நற்கருணை ஆசீரின்போது பாடும் 'மாண்புயர்' பாடலின் லத்தீன் மூலம் அவருடையது என்பதே மரபு.

ஆகவே 'சும்மா'வை முடித்துவிட்டுத்தான் தாந்தேயைத் தொடவேண்டும் என்று காத்திருக்காதீர்கள். மோட்ச காண்டத்தில் 10 முதல் 13 வரை ஒரே மூச்சில் படியுங்கள்.