மதுரையிலிருந்து பேருந்தில் சென்று நடந்து வர: கீழக்குயில்குடி

வணக்கம். சொந்த வண்டி இல்லை, அறுபதைக் கடந்த அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் ஞாயிறு காலையில் ஊரை விட்டு வெளியே நடக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் நிலைக்குக் கீழக்குயில்குடி சமணர் மலையே பொருத்தம் என்பது என் கருத்து.

பெரியார் பேருந்து நிலையத்தில் தேனி சாலை வழியே செல்லும் நகரப் பேருந்தில் ஏறி, நாகமலைப் புதுக்கோட்டையில் இறங்குங்கள். கீழக்குயில்குடி ஊருக்குள் செல்லும் பேருந்துகள் குறைவு என்பதால், திரும்பும் நேரத்தை நடத்துநரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தை நீங்கள் நடக்கலாம். அம்மாவை மட்டும் ஆட்டோவில் அனுப்பிவிடுங்கள்.

அடிவாரத்தில் தாமரைக் குளமும், ஆலமர நிழலும், அய்யனார் கோயிலும் உள்ளன. பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் வரும் பேச்சிப்பள்ளத்தில், சுனைக்கு மேலே தீர்த்தங்கரர் (சமண சமய ஆசான்கள்) முதலிய 8 புடைப்புச் சிற்பங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. அவற்றின் கீழே வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் உள்ள வரிகளையும் காணலாம். ஆனால் அம்மாவை இந்தப் படிகளில் ஏற்ற வேண்டாம். மலையின் தென்மேற்குச் சரிவில் இருக்கும் செட்டிப்புடவுக் குகைக்கு ஏற்றம் குறைவு. அமர்ந்த நிலையில் உள்ள பெரிய தீர்த்தங்கரரையும், சிங்கத்தின் மீதமர்ந்து யானை வீரனோடு பொருதும் இயக்கி என்னும் சமணப் பெண் தெய்வத்தையும் அவர் அங்கேயே நிதானமாகப் பார்க்கலாம்.

மேலே நிழலே கிடையாது. வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள். மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும். தண்ணீரை நகரத்திலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.