வராந்தாவுக்குக் கொசுவலை: ஒரே துண்டாக அடிக்க வேண்டாம்

வணக்கம் சார். நாகப்பட்டினத்தில் கடலோர வீடு, 12 அடி முன் வராந்தா, பழைய இரும்பு வலை துருவேறி உதிர்ந்துவிட்டது, ஆசாரி நைலான் வலையை ஒரே துண்டாக அடித்துவிடலாம் என்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் சார். அவ்வளவு அகலத்துக்கு இழுத்துக் கட்டினால் கொஞ்ச நாளில் தொப்பை போட்டுவிடும்.

மூன்று மூன்றடியாக அலுமினியச் சட்டம் பிரித்து, ஃபைபர் கிளாஸ் வலையை ரப்பர் பீடிங் (சட்டத்தின் பள்ளத்தில் வலையைப் பிடித்துக்கொள்ளும் ரப்பர் கயிறு) வைத்து அழுத்தச் சொல்லுங்கள். கிழிந்தால் அந்தச் சட்டத்தை மட்டும் கழற்றலாம். அங்குலத்துக்கு 18-க்கு 16 கண்ணி போதும். இன்னும் நெருக்கம் என்றால் காற்று குறையும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலைதான் வேண்டுமென்றால் 316 ரகம் கேளுங்கள், 304 ரகம் உப்புக்காற்றில் கறை பிடிக்கும்.

கதவு வழியாகவும் கொசு வரும். வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைத்து, தானாக மூடும் ஸ்பிரிங் கீல் போடுங்கள். அடியில் பிரஷ் பட்டை. கூரை சீமை ஓடு என்கிறீர்களே, ஓட்டின் வளைவுக்கும் உத்தரத்துக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருக்கும், அதையும் அடைக்கச் சொல்லுங்கள். ஆசாரி தானாகச் செய்ய மாட்டார்.

அப்புறம், உள்ளே பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்க விட்டால் வலைக்குள்ளேயே கொசுப் பண்ணைதான்!