ஒரு வீடு, மூன்று வகுப்பு: கடிதம்

அன்புள்ள டீச்சர்,

உங்கள் பள்ளி அனுபவக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நாங்கள் உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் தோப்பு வீட்டில் குடியிருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஏழு, சின்னவளுக்கு நான்கு, கைக்குழந்தைக்கு எட்டு மாதம். ஜூன் மாதத்திலிருந்து பெரியவர்கள் இருவரையும் பள்ளியிலிருந்து நிறுத்தி நானே சொல்லிக்கொடுக்கிறேன். முழுமனதோடு எடுத்த முடிவுதான். சுவரில் டைம்டேபிள் ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் ஆறு பாடம், பாடத்துக்கு நாற்பது நிமிடம். ஆனால் பெரியவளுக்குக் கணக்கு சொல்லும்போது மகன் சும்மா உட்கார்ந்திருக்கிறான். அவன் பக்கம் திரும்பினால் சின்னவள் அக்கா நோட்டில் கிறுக்கிவிடுகிறாள். பதினொரு மணிக்கெல்லாம் கத்த ஆரம்பித்துவிடுகிறேன். "பள்ளிக்கூடம் இல்லாத ஊரா இது?" என்கிறார் மாமியார். மகனுக்கு இன்னும் சரளமாக வாசிக்க வரவில்லை. திருப்பிப் பள்ளிக்கே அனுப்பிவிடலாமா? சட்டப்படி இதெல்லாம் சரியா என்ற பயமும் இருக்கிறது.

க.

அன்புள்ள க.,

முதலில் அந்த டைம்டேபிளைக் கழற்றிவிடுங்கள். மூன்று பிள்ளைகளுக்கு ஆறு பாடம் என்றால் 18 பாடவேளை. நாற்பது நிமிடம் வீதம் 720 நிமிடம், அதாவது 12 மணி நேரம். கைக்குழந்தையோடு சமையலும் பார்க்கும் ஒருவர் அதைச் செய்ய முடியாது. குழந்தை இல்லாதவராலும் முடியாது. நீங்கள் கத்துவது உங்கள் பொறுமைக் குறைவால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கணக்குதான் தப்பு.

நான் அதிக காலம் வேலை பார்த்தது ஈராசிரியர் பள்ளியில். ஒன்றிலிருந்து ஐந்துவரை இரண்டே பேர். தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் என் தலையில். அங்கே வகுப்புவாரியாகப் பாடம் நடத்த நினைத்தால் ஒரு வகுப்பு படிக்கும், நான்கு வகுப்பு சும்மா இருக்கும். உங்கள் வீட்டில் நடப்பதும் அதுதான்.

எங்களைக் காப்பாற்றியது செயல்வழிக் கற்றல். பாடத்தைச் சிறு சிறு செயல்களாகப் பிரித்து அட்டைகளில் போட்டு, பிள்ளை தன் வேகத்தில் படிப்படியாக ஏறிப்போகும் முறை அது. ஆந்திராவில் ரிஷி வேலி கல்வி மையத்தின் கிராமப் பள்ளிகளில் உருவான முறையைப் பார்த்துவிட்டு வந்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கினார்கள். 2007-08இல் தமிழகம் முழுவதும் வந்தது. ஏணிப்படியும் அட்டைகளும் பலருக்கு நினைவிருக்கும். பிற்பாடு பல இடங்களில் அட்டையை எடுத்து அடுக்குவதே பாடமாகிப் போனது, அது வேறு கதை. அந்த முறையின் உயிர் அட்டையில் இல்லை, பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைத்த விதத்தில் இருந்தது. மொத்தம் ஆறு குழு. ஆசிரியர் முழுக்கக் கூட இருக்க வேண்டியவர்கள், ஓரளவு இருந்தால் போதும் என்பவர்கள், கூடப் படிப்பவரின் உதவி முழுக்க வேண்டியவர்கள், ஓரளவு வேண்டியவர்கள், தானே செய்பவர்கள், கடைசியாக மதிப்பீட்டுக்கு வந்தவர்கள். வயதையோ வகுப்பையோ யாரும் கேட்கவில்லை. இந்த நிமிடம் இந்தப் பிள்ளைக்கு யார் வேண்டும் என்பது மட்டுமே கேள்வி.

உங்கள் வீட்டுக்கு ஆறு குழு வேண்டாம், மூன்று போதும். அம்மா வேண்டிய வேலை, அக்காவோ அண்ணனோ போதும் என்கிற வேலை, தனியாகச் செய்யும் வேலை. எந்த நேரத்திலும் ஒரே ஒரு பிள்ளைதான் "அம்மா வேண்டும்" என்ற நிலையில் இருக்க வேண்டும். இதை மட்டும் பார்த்துக்கொண்டால் பாதிச் சத்தம் அடங்கிவிடும்.

காலையில் சின்னவளிடமிருந்து தொடங்குங்கள். எல்லாரும் பெரியவளிடம்தான் தொடங்குவார்கள், அவளுக்குத்தானே பாடம் அதிகம் என்று. நான்கு வயதுப் பிள்ளைக்கு அம்மா மடி ஒரு கால் மணி நேரம் முழுசாகக் கிடைத்துவிட்டால், அப்புறம் தானாக இறங்கிப் போய்விடும். கிடைக்காத வரைக்கும் நோட்டில் கிறுக்கத்தான் செய்யும். ஒரு கதை, ஒரு பாட்டு, கொஞ்சம் புளியங்கொட்டை, ஒரு கிண்ணம். அந்த வயதுக்கு வேறு பாடம் தேவையே இல்லை.

கைக்குழந்தை காலையில் தூங்கும் நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் தங்கமான நேரம். அதை மகனுக்குக் கொடுங்கள். பெரியவள் வாசிக்கத் தெரிந்தவள், புத்தகத்தைக் கையில் கொடுத்தால் தானே போவாள். இந்த வருடம் உங்கள் நேரத்தில் பெரும்பங்கு ஏழு வயதுக்காரனுக்குத்தான். வாசிப்பு பிடிபடும் காலத்தில் பக்கத்தில் ஒரு ஆள் கட்டாயம் வேண்டும், அதற்குக் குறுக்குவழி கிடையாது. 'அ'விலிருந்து தொடங்கி மனப்பாடம் செய்ய வைத்திருந்தால் நிறுத்திவிடுங்கள். ட, ப, ம மூன்றையும் புள்ளியையும் எடுத்துக்கொள்ளுங்கள். படம், பட்டம், மடம், மட்டம் என்று அன்றைக்கே நான்கு சொல் வாசித்துவிடுவான். மறுநாள் கால் சேர்த்தால் பாடம், மாடம், மாமா. அதன்பிறகு ஒரு வாரத்தில் ஒரு எழுத்துக்கு மேல் கூட்ட வேண்டாம். ஒருநாளைக்கு அரை மணி போதும், ஆனால் ஒருநாளும் தவறக் கூடாது.

மொழி வாசிப்பும் கணக்கும்தான் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற வேண்டியவை. இவை இரண்டை மட்டும் அவரவர் நிலைக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுங்கள். மற்றதெல்லாம் எல்லாருக்கும் சேர்த்து ஒன்றாகவே நடக்கட்டும். சந்தைக்குப் போய் வந்த பையைக் கூடத்தில் கொட்டுங்கள். சின்னவள் கத்தரிக்காய் தனி, வெண்டைக்காய் தனி என்று பிரிக்கட்டும். மகன் எண்ணி, பத்துப் பத்தாகக் கூறு கட்டி, சீட்டில் பெயர் எழுதட்டும். மகளிடம், கிலோ நாற்பது ரூபாய் தக்காளி முக்கால் கிலோ வாங்கினால் எவ்வளவு, நூறு ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று கேளுங்கள். எந்தச் செடியில் வேர், எதில் காய், எதில் இலை தின்கிறோம் என்ற பேச்சு வந்தால் அறிவியலும் முடிந்தது. தக்காளி எந்த ஊரிலிருந்து வந்தது என்று வரைபடத்தில் தேடினால் சமூக அறிவியல். ஒரே பை, மூன்று பிள்ளை, ஒரு மணி நேரம். இப்போது அரசுப் பள்ளிகளிலும் 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரியவளுக்கும் மகனுக்கும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளைதான் பாதி வாத்தியார். 1789-இல் சென்னை எழும்பூர் அனாதை விடுதியில் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் விடுதியிலும் அதைக் கொண்டுவரப் பார்த்தார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் ஒப்படைத்தார், அவன் செய்து காட்டினான். பெல் ஊர் திரும்பி, பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த வழியை 1797-இல் புத்தகமாகப் போட, 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்தில் பரவியது. அங்கே அது ஒரு வாத்தியாரை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைச் சிக்கனமாகச் சமாளிக்கும் வழியாக மாறிவிட்டது. சொல்லிக்கொடுக்கும் பிள்ளை என்ன கற்கிறது என்ற கேள்வி பின்னால் போய்விட்டது.

இதை உங்களிடம் சொல்லக் காரணம் உங்கள் மகள். ஒன்பது வயது மூத்த பெண் என்றால் நம் வீடுகளில் அவளை இரண்டாவது அம்மாவாக்கிவிடுவது மிகச் சுலபம். தம்பிக்குப் பாடம், தங்கைக்குச் சோறு, கைக்குழந்தைக்குத் தொட்டில். அவள் முகம் சுளிக்காமல் செய்வாள், எல்லாரும் பாராட்டுவார்கள், பன்னிரண்டு வயதில் அவளுடைய படிப்பு எங்கே நின்றதென்றே யாருக்கும் தெரியாது. இப்படிப் பல பெண்களை என் வகுப்பில் பார்த்திருக்கிறேன். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று வாரத்தில் பாதி நாள் வரமாட்டார்கள். அதனால் கறாராகச் சொல்கிறேன். அவள் சொல்லிக்கொடுப்பது நாளுக்கு இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது. எதைச் சொல்லிக்கொடுப்பது என்று அவளே முடிவு செய்யட்டும். குழந்தையைத் தூக்கிவைத்திருப்பது பாடவேளையில் சேராது. சாயங்காலம் மற்றவர்கள் விளையாடும்போது அவளுக்கென்று உங்கள் முழுக்கவனத்தோடு அரை மணி நேரம் கொடுங்கள். மகனும் வாத்தியாராகட்டும். 'ட'வைத் தங்கைக்கு மணலில் எழுதிக் காட்டினால் தங்கைக்கு வருகிறதோ இல்லையோ, அவனுக்கு உறுதிப்படும்.

மாமியார் கேட்டதில் தப்பு இல்லை. பேரப்பிள்ளைகள் மேல் உள்ள அக்கறை அது. அவரை வெளியே நிறுத்தாதீர்கள். பல்லாங்குழி தெரியும் என்றால் மகனை அவரிடம் உட்காரவையுங்கள். கூட்டலும் கழித்தலும் அதைவிட நன்றாக நான் சொல்லிக்கொடுத்ததில்லை. நூலகத்துக்கு வாரம் ஒருமுறை கூட்டிப்போங்கள், வேறு பிள்ளைகளோடு தினமும் விளையாட வழி செய்யுங்கள். தோப்பு வீடு என்பதால் இது முக்கியம்.

சட்டம் பற்றி. கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானது. பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது, சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று எதுவும் சொல்லவில்லை. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்கள் வீட்டுக்கு வரலாம். ஒளிய வேண்டாம், உட்காரவைத்து நோட்டுகளைக் காட்டிப் பேசுங்கள். அவர்கள் உங்களுக்கு உதவக்கூடியவர்கள். பத்தாம் வகுப்பை 14 வயது நிறைந்தபின் பள்ளிக்குப் போகாமல் படிப்பவர்களுக்கான தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதலாம்.

திருப்பி அனுப்பலாமா என்று கேட்டீர்கள். இப்போதே வேண்டாம். ஆனால் வீட்டுக்கல்வியை விரதம்போல் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். அதே சட்டத்தில் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. அரசுப் பள்ளியின் கதவு எந்நேரமும் திறந்தே இருக்கிறது. வரும் ஏப்ரலுக்குள் மகன் ஒரு சிறிய கதையை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கவில்லை என்றால், தயங்காமல் அவனை மட்டுமாவது சேர்த்துவிடுங்கள். மூன்று பிள்ளைக்கும் ஒரே முடிவு எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இந்த மாதம் ட, ப, ம-வோடு தொடங்குங்கள். அவன் கைப்பட எழுதிய ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால், அடுத்து எந்த எழுத்து என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்.