சிவப்பு விளக்கில் சைக்கிளும் நிற்க வேண்டுமா?

கேள்வி: சில மாதங்களாக வேலைக்கு சைக்கிளில் போய் வருகிறேன். விடிகாலையில் ஒரு சிக்னலில் நான் மட்டும் தனியாக நிற்பேன், குறுக்கே ஒரு வண்டிகூட வராது. அப்போதும் நிற்கத்தான் வேண்டுமா? கார் ஓட்டும் நண்பர் ஒருவர், “ரோட்டுக்கு வந்துவிட்டால் எங்களுக்கு உள்ள அத்தனை விதியும் உனக்கும் உண்டு. லைசென்ஸ், நம்பர் பிளேட், இன்சூரன்ஸ் எல்லாம் உனக்கும் வேண்டும்” என்கிறார். அது நியாயமா? இன்னொன்று, ஓரமாகப் போகச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். எவ்வளவு ஓரமாகத்தான் போவது?

பதில்: நில்லுங்கள். உங்கள் ஊர்ச் சட்டம் சைக்கிளுக்கென்று தனி விலக்கு எதுவும் தராத வரை, சிவப்பு என்றால் உங்களுக்கும் சிவப்புதான். 1968-ல் வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை, சைக்கிளை ஒரு வாகனம் என்றும் அதை ஓட்டுபவரை ஓட்டுநர் என்றும் சொல்கிறது. பல நாடுகளின் சட்டம் இந்தக் கருத்தில்தான் நிற்கிறது. ஆகவே சிக்னல், ஒருவழிப்பாதை, முதலில் போகும் உரிமை யாருக்கு என்பதெல்லாம் பொதுவான விதிகள். இவை யாரையும் தண்டிப்பதற்காக வந்தவை அல்ல. எதிரில் வருபவர் அடுத்து என்ன செய்வார் என்று ஒவ்வொருவரும் ஊகிக்க முடிய வேண்டும், அதற்காக வந்தவை. அந்த ஊகம் தப்பினால் அடிபடப் போவது பெரும்பாலும் நீங்கள்தான்.

இருந்தாலும் உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. முழுதாக நின்ற சைக்கிளை மறுபடி நகர்த்தக் கால்கள் உழைக்க வேண்டும், கார்காரர் பாதத்தை லேசாக அழுத்தினால் போதும். சைக்கிள்காரருக்குக் கண்ணை மறைக்கும் தூணோ கூரையோ கிடையாது. சந்திப்பை நன்றாகப் பார்க்கவும் கேட்கவும் முடிகிறது. இதையெல்லாம் யோசித்துத்தான் சில இடங்களில் சட்டத்தையே மாற்றினார்கள். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் 1982-ல் தொடங்கி வைத்தது. அங்கே ‘ஸ்டாப்’ பலகை இருக்கும் இடத்தில் சைக்கிள்காரர் வேகத்தைக் குறைத்து, வருபவருக்கு வழிவிட்டு, நிற்காமலே போகலாம். சிவப்பு விளக்கில் நின்று, வழி காலியாக இருந்தால் கிளம்பலாம். டெலவேர் மாநிலம் அதன் ஒரு பகுதியை 2017-ல்தான் எடுத்துக்கொண்டது. பாரிஸ் நகரம் வேறு மாதிரி செய்தது. குறிப்பிட்ட சிக்னல்களின் கீழே சைக்கிள் படமும் அம்புக்குறியும் போட்ட சின்ன முக்கோணப் பலகையை மாட்டினார்கள். அது இருந்தால் அம்பு காட்டும் திசையில் மட்டும் சிவப்பிலும் போகலாம். நடந்து போகிறவருக்கும் குறுக்கே வரும் வண்டிக்கும் வழிவிட்ட பிறகுதான்.

எனக்குப் பாரிஸ் முறைதான் பிடித்திருக்கிறது. எந்தச் சந்திப்பில் ஆபத்தில்லை என்பதை நின்று பார்த்து முடிவு செய்தவர் ஒருவர் இருக்கிறார், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பலகையும் இருக்கிறது. ‘யாரும் வரவில்லை’ என்று நாமே தீர்மானிப்பது அப்படியல்ல. ஆளில்லாத சந்திப்பில் குறுக்கே வருகிறவரும் சாலை காலி என்றே நம்பி வேகமாக வருவார்.

உங்கள் சிக்னல் மாறவே மாறாமல் நின்றால் காரணம் வேறாக இருக்கலாம். சில சிக்னல்கள் தார்ச்சாலைக்குள் புதைத்த கம்பிச்சுருளை வைத்து வண்டி வந்ததைத் தெரிந்துகொள்கின்றன. சைக்கிளில் உலோகம் குறைவு, லேனின் நடுவில் நின்றால் அதற்குத் தெரியாமலே போகலாம். சாலையை அறுத்துத் தார் ஊற்றி மூடிய கோடு தெரிந்தால், இரண்டு சக்கரமும் அந்தக் கோட்டின் மேலேயே இருக்கும்படி நில்லுங்கள். அப்படியும் மாறவில்லை என்றால் இறங்கி, நடப்பவருக்கான விளக்கில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்துவிடலாம்.

சரி, நண்பரின் வாதத்துக்கு வருவோம். ஒரே சாலை என்பதால் ஒரே விதி என்கிறார். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆளும் சைக்கிளுமாக 90 கிலோ, மணிக்கு 18 கி.மீ. வேகம். எதிரே 1,500 கிலோ கார், மணிக்கு 54 கி.மீ. காரிடம் உள்ள இயக்க ஆற்றல் சைக்கிளைப் போல 150 மடங்கு. லைசென்ஸ், நம்பர் பிளேட், கட்டாயத் தகுதிச் சோதனை எல்லாம் இந்த 150-ஐக் கட்டுக்குள் வைக்கத்தான் வந்தன. அவற்றை அப்படியே சைக்கிளுக்கும் போட்டால் கிடைக்கும் பலன் கொஞ்சம், அலுவலக வேலைதான் நிறைய. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்பதை வேறு மறந்துவிடுகிறோம். சுவிட்சர்லாந்தில் சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் ஸ்டிக்கர் கட்டாயமாக இருந்தது. 2012 முதல் அதை எடுத்துவிட்டார்கள்.

அதற்காகச் சைக்கிளால் யாருக்கும் ஆபத்தே இல்லை என்று நண்பரிடம் வாதாடாதீர்கள். நடந்து போகிற முதியவருக்கு அந்த 90 கிலோ போதும். 2016-ல் லண்டனில் முன் பிரேக் இல்லாத சைக்கிளில் வந்த இளைஞர் மோதி, சாலையைக் கடந்த பெண் ஒருவர் இறந்துபோனார். சைக்கிளுக்கென்று பொருத்தமான சட்டம் இல்லாததால், குதிரை வண்டிக் காலத்தில், 1861-ல் எழுதிய ஒரு பிரிவைத் தேடி எடுத்து வழக்கு நடத்த வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. பிரேக்கும் விளக்கும் சரியாக இருப்பது உங்கள் பொறுப்பு, அதில் சலுகை கேட்காதீர்கள். குடித்துவிட்டு ஓட்டுவதும் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவதும் அப்படித்தான். சைக்கிள் நாடு என்று பெயரெடுத்த நெதர்லாந்தே 2019 ஜூலையில் சைக்கிளில் போகும்போது கையில் போன் கூடாது என்று தடை போட்டது. ஜெர்மனியின் வழி இன்னும் நுணுக்கமானது. குடித்துவிட்டு ஓட்டுவது இரண்டு பேருக்கும் குற்றம். ஆனால் ஓட்டவே தகுதியற்றவர் என்று கருதும் ரத்த ஆல்கஹால் அளவு கார்காரருக்கு ஆயிரத்தில் 1.1, சைக்கிள்காரருக்கு 1.6. விதி ஒன்று, அளவு வேறு. எனக்கு இது நியாயமாகப் படுகிறது.

இன்சூரன்ஸ் விஷயத்தில் மட்டும் நண்பர் சொல்வதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளுங்கள். 2013-ல் ஜப்பானின் கோபே நீதிமன்றம், சைக்கிளில் வந்து ஒரு பெண்ணை மோதிப் படுகாயப்படுத்திய பள்ளிச் சிறுவனின் தாய் சுமார் 9.5 கோடி யென் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2015-ல் ஹியோகோ மாகாணம் சைக்கிள்காரருக்கு இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியது. உங்கள் ஊரில் கட்டாயம் இல்லாவிட்டாலும், நீங்கள் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கு உங்கள் வீட்டு பாலிசியோ வேறு பாலிசியோ பணம் தருமா என்று பார்த்து வைப்பது நல்லது.

அப்புறம் ஹாரன். ஓரம் என்றால் சாக்கடை மூடிமேல் ஓட்டுவது என்று அர்த்தமில்லை. நிறுத்தி வைத்த காரின் கதவு திறந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே வரும். அந்த வரிசையைக் கடக்கும்போது அதைவிடத் தள்ளியே போங்கள். லேன் குறுகலாக இருந்து, உங்களை முந்துவதற்குப் பாதுகாப்பான இடமே இல்லை என்றால், ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது ‘இடித்துக்கொண்டு போகலாம்’ என்று அழைப்பதற்குச் சமம். பிரிட்டனின் சாலை விதிநூலில் 2022-ல் செய்த திருத்தம், நெரிசல் குறைந்த சாலையிலும், மெதுவாக நகரும் வரிசையிலும், சந்திப்பை நெருங்கும்போதும், சாலை குறுகும் இடத்திலும் லேனின் நடுவில் ஓட்டலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. முந்துகிறவர் குறைந்தது 1.5 மீட்டர் விட வேண்டும் என்றும் சொல்கிறது. இடம் அகலமானதும் ஓரத்துக்கு வந்துவிடுங்கள், பின்னால் இருப்பவருக்கும் வேலை இருக்கிறது. கைகாட்டிவிட்டு, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நகருங்கள். ஹாரன் கொஞ்சம் குறையும், முழுதாக நிற்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும், உரிமை உங்கள் பக்கம் இருந்தாலும் விட்டுக்கொடுங்கள். சந்திப்பில் லாரியோ பஸ்ஸோ நின்றால் அதற்கும் நடைபாதைக்கும் நடுவே நுழையாதீர்கள். அது அந்தப் பக்கமாகத் திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். நீங்கள் நிற்கும் இடம் டிரைவரின் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் படாது. இண்டிகேட்டர் எரியவில்லை என்பதை நம்ப வேண்டாம், கடைசி நொடியில் போடுகிறவர்கள் உண்டு. பின்னாலேயே நில்லுங்கள், அது திரும்பி முடித்ததும் போகலாம். நீங்கள் முன்பே நின்றிருக்க, லாரி உங்கள் பக்கத்தில் வந்து நின்றுவிட்டால், டிரைவர் முகம் தெரிகிற அளவுக்கு முன்னே நகருங்கள். அதற்கு இடமில்லையா, சைக்கிளோடு நடைபாதைமேல் ஏறிவிடுங்கள்.