பாஸ்போர்ட்டில் ஒரு பழைய ஆங்கிலச் சொல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பாஸ்போர்ட்டில் 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். 'லெட்' என்றால் அனுமதிப்பதுதானே? அனுமதியும் இல்லை, தடையும் இல்லை என்றால் எப்படிப் போவது?

பதில்: இது வேறு 'லெட்'. பழைய ஆங்கிலத்தில் 'லெத்தன்' என்றால் தடு, 'லேத்தன்' என்றால் விடு. ஒலி தேயத் தேய இரண்டும் 'லெட்' ஆகிவிட்டன. நேரெதிர்ப் பொருளை வைத்துக்கொண்டு ஒரே உருவத்தில் எத்தனை நாள் ஓட்ட முடியும்? 'தடு' பின்வாங்கிவிட்டது. ஷேக்ஸ்பியர் காலத்தில் உயிரோடுதான் இருந்தது: ஆவியைப் பின்தொடரவிடாமல் பிடித்து நிறுத்தும் நண்பர்களிடம், என்னை 'லெட்' செய்பவனை ஆவியாக்கிவிடுவேன் என்று சீறுகிறான் ஹாம்லெட். இன்று மிச்சம் இரண்டே இடம். டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையை உரசிக்கொண்டு விழுந்தால் நடுவர் சொல்லும் 'லெட்' ஒன்று. மற்றது சட்ட ஆங்கிலம். ஒரே பொருளை இரண்டு சொல்லால் சொல்லாவிட்டால் வக்கீல்களுக்குத் தூக்கம் வராது. 'நல் அண்ட் வாய்ட்' அப்படித்தான்; இரண்டுக்கும் 'செல்லாது' என்றே பொருள். ஆகவே, பாஸ்போர்ட்டில் குடியரசுத் தலைவர் பெயரால் கேட்பது 'தடையோ இடையூறோ இன்றி' உங்களைப் போகவிடச் சொல்லித்தான்.

கேள்வி: ஆங்கில பைபிளில் கடவுளை 'தௌ' என்கிறார்கள். 'யூ'வைவிட மரியாதையான சொல்லா?

பதில்: தலைகீழ். 'தௌ' நம்முடைய 'நீ'. 'யூ'தான் பன்மையாக இருந்து மரியாதைக்கும் வந்த 'நீங்கள்'. 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் ஒருவராக இருந்தால் 'தௌ', பலராக இருந்தால் 'யீ' ('யூ'வின் எழுவாய் வடிவம்); கடவுளுக்கும் 'தௌ', சாத்தானுக்கும் 'தௌ'. (தேவாரமும் சிவனை 'நீ' என்றுதானே கூப்பிடுகிறது?) அதே நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நீதிபதியைக்கூட 'தௌ' என்று அழைத்து வம்பில் மாட்டினார்கள். பிறகு பொதுப் பேச்சில் எல்லோரும் 'யூ'வுக்கு மாற, புழக்கத்திலிருந்து எடுத்த பாத்திரம் பூஜையறைக்குப் போனதுபோல 'தௌ' ஜெபத்தில் நின்றுவிட்டது. அந்த மரியாதை பின்னால் ஏறியது.

கேள்வி: 'கேஷ்' நம் 'காசு'தானே?

பதில்: வாட்ஸப் பட்டியல்கள் அப்படித்தான் சொல்கின்றன; பாதிதான் சரி. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் 'கேஷ்' இரண்டு தனிச் சொற்கள். ரொக்கத்தைக் குறிப்பது, பணப்பெட்டி என்ற பொருளுடைய பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது. இன்னொன்று கீழை நாடுகளின் சில்லறை நாணயம். போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து ஆங்கிலத்துக்குப் போன நம் காசு அதுதான். கம்பெனி கால மதராஸில் 80 'கேஷ்' ஒரு 'ஃபனம்', அதாவது பணம். 42 'ஃபனம்' ஒரு 'பகோடா', நம் வராகன். நாணயம் போனதும் சொல்லும் போயிற்று.

கேள்வி: வழக்கொழிந்த சொற்களை அகராதியிலிருந்து நீக்கிவிடுவார்களா?

பதில்: சிறிய அகராதிகள் இடம் கருதி நீக்கும். 1928-இல் முழுமையடைந்த ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதி நீக்குவதில்லை; சொல்லுக்கு முன்னால் குத்துவாள் வடிவில் ஒரு குறி போடும். 'ஆர்க்கேயிக்' என்றிருந்தால் பழைய வாடைக்காக இன்னும் எழுதுகிறார்கள் என்று பொருள். 'அப்சலீட்' என்றால் அதுவும் இல்லை.

கேள்வி: பிறக்காத சொல் அகராதியில் ஏறியதுண்டா?

பதில்: உண்டு, 'டோர்ட்'. 1934 வெப்ஸ்டர் பெரிய அகராதியில் 'அடர்த்தி' என்ற பொருளோடு இருக்கிறது. அடர்த்தியின் சுருக்கக் குறியாக 'டி' என்ற எழுத்தைப் பெரிதாகவோ சிறிதாகவோ எழுதலாம் என்று சொன்ன 'டி ஆர் டி' (D or d) குறிப்புச்சீட்டை யாரோ ஒரே சொல்லாகச் சேர்த்துப் படித்துவிட்டார்கள். 1939-இல் அந்த அகராதியின் பதிப்பாசிரியர் ஒருவர், இதற்குச் சொற்பிறப்பே தரப்படவில்லையே என்று தோண்டியபோதுதான் குட்டு வெளிப்பட்டது.