துண்டறிக்கை வீசினால் எதிரி வீரன் சரணடைவானா?

இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் வீசிய காகிதங்களுக்கு உண்மையிலேயே பலன் இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இருந்தது, ஆனால் எல்லா நேரத்திலும் இல்லை.

1944இல் மேற்கு ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த ஐசனோவரின் தலைமையகத்தில் இதற்கென்றே உளவியல் போர்ப் பிரிவு ஒன்று இயங்கியது. அதன் பேர்போன படைப்பு, ஜெர்மன் வீரர்களுக்கான 'பாதுகாப்பு அனுமதிச் சீட்டு'. பார்த்தால் அரசு ஆவணம் மாதிரியே இருக்கும்: முத்திரைகள், கீழே ஐசனோவரின் கையெழுத்து. இதைக் கொண்டுவருபவரின் ஆயுதத்தை வாங்கிக்கொண்டு, உணவும் மருத்துவமும் கொடுத்து, ஆபத்தான இடத்திலிருந்து சீக்கிரம் அப்புறப்படுத்த வேண்டும் என்று ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டிருந்தார்கள். வசைபாடவில்லை, வீரத்தைக் கேலி செய்யவில்லை. மரியாதையாகச் சரணடைய ஒரு வழி காட்டினார்கள். என்னைப் பொறுத்தவரை அதன் பலமே அதுதான். சிறைப்பட்ட பலரிடம் இந்தச் சீட்டு இருந்தது. ஆனால் ஜெயித்துக்கொண்டிருக்கும் படையிடம் இது எடுபடாது; சுற்றிவளைக்கப்பட்டு, பசியோடு கிடப்பவனிடம்தான் எடுபடும்.

அப்புறம், ஏமாற்று வேலையும் நடந்தது. இங்கிலாந்திலிருந்து பிரிட்டிஷார் ஒலிபரப்பிய 'சோல்டாட்டன்சென்டர் கலே' என்ற வானொலி தன்னை ஜெர்மன் ராணுவ வானொலி என்று காட்டிக்கொண்டது. நல்ல இசை, உண்மைச் செய்திகள், நடுநடுவே வீரர்களின் மன உறுதியைக் கரைக்கும் தகவல்கள். கேட்பவர் நம்ப வேண்டுமானால் பெரும்பகுதி உண்மையாக இருக்க வேண்டும் என்பதை அதை நடத்தியவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.