சித்திரக்குள்ளர்களின் பழமொழிகள்: கேள்வி பதில்

கேள்வி: மிகுபுனைவுக் கதை ஒன்று எழுதி வருகிறேன். என் சித்திரக்குள்ளர்கள் வாயைத் திறந்தாலே தாடி, கோடரி, மது ஆகியவற்றைப் பற்றிய பழமொழிகள்தாம் வருகின்றன. வேறு எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: அவர்களின் தொழிலிலிருந்து தொடங்குங்கள். மண்ணுக்கடியில் பாடுபடுபவர்களின் பேச்சில் பாறையும் இருளும் காற்றும் இல்லாமல் இராது. ஜெர்மனியின் ரூர் வட்டார நிலக்கரித் தொழிலாளர்களிடையே ‘குந்தாலிக்கு முன்னே இருட்டு’ என்றொரு வழக்கு உண்டு. அடுத்த வெட்டு விழும்வரை, பாறைக்குப் பின்னால் கரி இருக்கிறதா, நீர் இருக்கிறதா, நச்சுக்காற்று இருக்கிறதா என்பது எவருக்கும் தெரியாது என்ற அனுபவமே அதன் பொருள். அந்நாட்டின் கடைசி நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் 2018இல் பாட்ராப் நகரில் மூடப்பட்ட பின்பும், சுரங்கப்பாதை அமைக்கும் பொறியாளர்கள் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கேள்வி: சித்திரக்குள்ளர்களைச் சுரங்கத்தோடு இணைப்பது இக்காலக் கதாசிரியர்களின் கற்பனைதானா?

பதில்: இல்லை. கனிமவியலின் முன்னோடியான ஜார்ஜியஸ் அக்ரிகோலா, 1549இல் வெளியான நூலிலேயே, சுரங்கத் தொழிலாளியின் உடையணிந்த குட்டை உருவங்களைப் பற்றிய நம்பிக்கையைப் பதிவு செய்திருக்கிறார். அவை ஓயாமல் வேலை செய்வதுபோல் தோன்றினாலும் உண்மையில் எதையும் செய்வதில்லை. சிலவேளை சிறுகற்களை எறிந்தாலும், கேலி செய்யாதவரை எவரையும் துன்புறுத்துவதில்லை. இதை வைத்து ‘இருட்டில் விழும் கல்லை ஏசாதே’ என்று நீங்களே ஒரு பழமொழி புனையலாம்.

கேள்வி: அவர்கள் எப்படி வாழ்த்துவார்கள்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்தது, ஜெர்மனியிலுள்ள ஹார்ஸ் மலைப்பகுதிச் சுரங்கத் தொழிலாளர்களின் வாழ்த்து: ‘ஊசியிலை மரம் பசுமையாகட்டும், தாது வளரட்டும், இறைவன் நம் எல்லோருக்கும் மகிழ்ந்த நெஞ்சைத் தரட்டும்.’ தாது மண்ணுக்குள் செடிபோல் வளர்கிறது என்று அக்காலத்தில் உண்மையாகவே நம்பினார்கள். மரம் முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. கூரைப் பாறை சரியாமல் முட்டுக் கொடுக்க அந்த மரமே வேண்டும். பாரம் மிகுந்தால் சட்டென்று முறிந்துவிடாமல், முதலில் கிறீச்சிட்டு எச்சரிப்பது அதன் சிறப்பு. அந்த ஒலியைக் கேட்டு ஓடிப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் ‘முட்டு முனகினால் மூட்டையைத் தேடாதே’ என்று சொல்வது எவ்வளவு இயல்பாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

கேள்வி: இவற்றுக்குக் கதைக்குள்ளேயே விளக்கம் தர வேண்டுமா?

பதில்: வேண்டாம். தம் வீட்டுப் பழமொழியை எவரும் தம்மவருக்கு விளக்குவதில்லை; பாதியைச் சொல்லி நிறுத்துவார்கள். பேரம் நடக்கும் கூடத்தில் ஒரு மூதாட்டி ‘முட்டு முனகினால்...’ என்று மட்டும் சொல்லட்டும். அவளுடைய ஆட்கள் பேச்சை முறித்துக்கொண்டு எழுந்து போகட்டும். எதிரே அமர்ந்திருக்கும் அயலாருக்கும் வாசகருக்கும் அதுவே போதும்.